கைப்பட்டை

தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் ஏறினால் குழந்தைகளின் கைப்பட்டை அலறும். தோப்புப் பள்ளி விடும் நேரத்தில், பதினொரு வயது மகிழினி கைகொடுக்க, ஆறு வயது இர்ஃபான் புங்க மரத்தில் ஏறினான். பட்டை அலறியதும் பாதுகாப்பு அதிகாரி வந்துவிட்டார்.

“இது மூணாவது தடவை டீச்சர். இனி பள்ளிக்கூடத்த மூடுறதத் தவிர வழியில்ல.”

ஆசிரியை செல்வராணி பதில் சொல்லுமுன், மகன் இர்ஃபானை அழைத்துப்போக வந்திருந்த ஷகீலா அவன் பட்டையைக் கழற்றி அதிகாரியிடம் நீட்டினார்.

“கழட்டுனா காப்பீடு கிடையாதும்மா. விழுந்தா ஆஸ்பத்திரியில சேர்க்க மாட்டாங்க.”

“தெரியும் சார். போன வருஷம் இங்க சேர்க்குற வரைக்கும் இவன் ரெண்டு படி ஏறவே பயந்தான்.”

மற்ற பெற்றோரும் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளின் பட்டைகளைக் கழற்றினார்கள்.

மறுநாள் பள்ளி வாசலில் பூட்டு தொங்கியது. பிள்ளைகள் வேலியேறிக் குதித்து உள்ளே போனார்கள். செல்வராணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஏறினார்.