பன்னிரண்டாவது விலா

"ஐயோ, விடும்மா! கூசுது!"

"ஆடாதீங்க. இதோட ஏழு தடவை பெயில். நாளைக்குக் காலையில பரீட்சை, ஞாபகம் இருக்கா?"

கணவன் சட்டையில்லாமல் சாப்பாட்டு மேசையோரம் நின்றான். மனைவி அவன் கழுத்துக்குழியில் விரலை வைத்து மெல்லக் கீழே இறக்கினாள். நெஞ்செலும்பில் சின்ன மேடு ஒன்று தட்டுப்பட்டது.

"இந்த மேட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது ரெண்டாவது விலா. இங்கேயிருந்துதான் எண்ணணும். மூணு... நாலு... அஞ்சு..."

அவன் தோள் குலுங்கியது.

"சிரிச்சா எண்ணிக்கை தப்பும்ங்க! ஏழு வரைக்கும் நெஞ்செலும்போட நேரா சேர்ந்திருக்கும். அடுத்த மூணும் மேல இருக்கிறதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கும்."

"உன் தம்பி மாதிரி."

"அவனை ஏன் இழுக்கறீங்க? கடைசி ரெண்டும் முன்பக்கம் எதோடயும் ஒட்டாது."

"அது எங்கப்பா."

பதினோராவது விலாவில் விரல் பட்டதும் அவன் துள்ளிய துள்ளலில் தண்ணீர்ச் சொம்பு உருண்டது.

"எட்டாவது பெயில்!" அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "போன தடவையும் இப்படித்தான். சிரிப்புல எண்ணிக்கை தப்பி மொத்தப் பரீட்சையும் பாழாச்சு. மறுபடியும் சொதப்பினா காலேஜ்ல தலைகாட்ட முடியாதுங்க."

அவள் கண் கலங்கியதைக் கண்டு அவன் உருகிப்போனான்.

"சரி சரி, மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே. பல்லைக் கடிச்சுக்கிறேன். எண்ணு."

எண்ணினாள். அவன் முகம் சிவந்தது, கண்ணில் நீர் வழிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"...பதினொண்ணு, பன்னெண்டு. பாஸ்!"

வாசலில் கைதட்டல் கேட்டது. மூன்று நாள் முன்பு பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த அக்கா, இரவல் வாங்கிய சுத்தியலோடு நின்றிருந்தாள்.

"வந்த நாள்லேர்ந்து இந்தச் சத்தம்தான் கேக்குது. குடும்பத்தையும் பாத்துக்கிட்டு இப்படி விழுந்து விழுந்து படிக்கிறியே! நாளைக்கு நீ பாஸாகாம வேற யாரு பாஸாவா?"

"எனக்கு ஏதுக்கா பரீட்சை? வைக்கிறதே நான்தான், மெடிக்கல் காலேஜ்ல நான் பேராசிரியை" என்றாள் அவள். "போன தடவை விலா எண்ணிக் காட்டறதுக்கு நிறுத்தின ஆளு, பசங்க தொட்டதும் சிரிச்சுக் கெடுத்துட்டான். அதான் இந்தத் தடவை இவரைப் பழக்கறேன். அறுபது பேரு, ஆளுக்கு ஒரு தடவை எண்ணுவாங்க."

பாதி மாட்டிய சட்டையோடு கணவன் திரும்பினான்.

"அறுபதா? ஆறு பேருன்னுதானே சொன்னே?"