கடைசிப் பாட்டு பிறந்த கதை

“ஆல்பத்தோட இந்தக் கடைசிப் பாட்டு என் தவம், மேடம். குழு பிரிஞ்ச நாள்லேருந்து மனசுக்குள்ளேயே செதுக்கிக்கிட்டு இருந்தேன்” என்றார் பாடகர். புருவத்துக்கு மேலே இருந்த புதுத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

“நெத்தியில என்ன?” என்று கேட்டார் ஸ்டுடியோவுக்குப் பேட்டி எடுக்க வந்திருந்த விமர்சகர்.

“மைக் ஸ்டாண்ட் இடிச்சிடுச்சு.”

பக்கத்தில் இருந்த டிரம்மர், பாடகருடைய மனைவியின் அண்ணன், விட்டத்தைப் பார்த்தார்.

இரும்புத் தகட்டை அடித்து, துளைபோடும் மெஷினை அலறவிட்டுப் பாடுகிற குழு அது. பல வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்த மச்சானும் மாப்பிள்ளையும் மறுபடி சேர்ந்து போட்ட ஆல்பத்தை விமர்சகர் தன் பத்திரிகையில் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார். கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. ‘எங்க வீட்டு மிக்ஸி இதைவிட உருக்கமாப் பாடும்’ என்று எழுதினார் ஒருவர். ‘பாட்டைப் போட்டேன், பக்கத்து வீட்டுக்காரர் பிளம்பரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டார்’ என்றார் இன்னொருவர்.

ஆனால் கடைசிப் பாட்டில் எல்லோரும் விழுந்துவிட்டார்கள். வார்த்தையே புரியாத அந்தக் கத்தலும், தகடு சரிகிற ஓசையும் விமர்சகரையே அழவைத்திருந்தன. மறுநாள் நடக்கவிருந்த கச்சேரிக்கு டிக்கெட் தீர்ந்ததே அந்தப் பாட்டுக்காகத்தான்.

“கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்.”

டிரம்மர் தட்டினார், பாடகர் கத்தினார். யாரோ கதவைத் தட்டி ‘பால்!’ என்று கூப்பிடுவது போல இருந்தது.

விமர்சகர் பேனாவை மூடினார். “இதையா நாளைக்கு மேடையில பாடப்போறீங்க?”

ஒலிப்பதிவு மேஜையில் இருந்த பாடகரின் மனைவி ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார். “அண்ணா, ஒரு நிமிஷம்.” டிரம்மரின் காதில் ஏதோ சொன்னார். ஒன்றும் தெரியாதவர் போலத் திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

அவ்வளவுதான். டிரம்மர் சுத்தியலை எடுத்துத் தகட்டில் ஒரு போடு போட்டார். பாடகர் அலறினார். நாற்காலி உருண்டது, சங்கிலி பறந்தது, இரண்டு குரலும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. விமர்சகருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணை மூடிக்கொண்டார். அதே பாட்டு! அதே உயிர்!

ஓசை அடங்கியதும் மேஜைக்கு ஓடினார். “என்னம்மா மந்திரம் போட்டீங்க? அண்ணன் காதுல அப்படி என்ன சொன்னீங்க?”

“‘டிரம்ஸுக்கு இனி மெஷினே போதும்னு உன் மாப்பிள்ளை சொல்றார்’னு சொன்னேன்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரெக்கார்டிங் அன்னைக்கும் இதைச் சொன்னதுக்குத்தான் அடிச்சுக்கிட்டாங்க மேடம்; நான் மைக்கை நிறுத்தல.”