யாக்கோபு பிடுங்கிய காற்று

“யோவ் யாக்கோபு, வெளிய வாய்யா!”

காலங்காத்தாலே உதயசூரியன் போட்ட கூச்சலில் சேரப்பணஞ்சேரி லைன் வீடுகள் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டன.

அவன் காரின் முன்டயர் இரண்டும் காற்று இறங்கித் தரையோடு ஒட்டிக் கிடந்தன. இன்று திருத்தணி மலையில் குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து. மாமன் வீட்டார் நேராக மலைக்கே கிளம்பிவிட்டார்கள்.

“ஒரு டயர்னா ஆணின்னு சொல்லலாம். ரெண்டும் எப்படிய்யா போவும்? வால்வு ஊசியையே காணோம்!”

யார் செய்தது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. கார் வாங்கிய நாளாகப் பக்கத்து வீட்டு யாக்கோபு அதன் சக்கரத்தைக் குனிந்து குனிந்து பார்க்கிறான். போன வாரம் வாய்விட்டே சொன்னான். “சூரியா, முன்சக்கரத்து உள்பக்கம் ஈரமா கீது. பிரேக்கை ஒருவாட்டி மெக்கானிக்கண்ட காட்டிடு.”

செகண்ட் ஹேண்ட் என்றாலும் முதல் கார். அதில் குறை சொன்னால் கண் வைக்கிறான் என்றுதானே அர்த்தம்? அன்று மாலையே பூசணிக்காய் சுற்றி உடைத்தாயிற்று.

மனைவி சௌந்தர்யாவும் சொல்லித்தான் பார்த்தாள். “கோலம் போடசொல்ல பாத்தேங்க. வண்டிக்குக் கீழ எண்ணெய் சொட்டிக்கீது. பிரேக்கும் முன்ன மாதிரி இல்ல, அடிவரைக்கும் போயித்தான நிக்குது?”

“வண்டியப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? மூடிக்கினு உக்காரு.”

மீட்டரில் எரிந்த சிவப்பு விளக்கும் அதையேதான் சொன்னது. அதன் மேல் ஒரு முருகன் ஸ்டிக்கரை ஒட்டி அதன் வாயையும் அடைத்துவிட்டான்.

கம்பெனி யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் யாக்கோபு வெளியே வந்தான். சௌந்தர்யா குழந்தையை இறுக்கி அணைத்தபடி கதவோரம் நின்றாள்.

“நீதான பண்ணே?”

யாக்கோபு கதவோரம் நின்றவளை ஒருமுறை பார்த்தான்.

“ஆமா. நான்தான்.”

உதயசூரியன் பாய்ந்து சட்டையைப் பிடித்தான். நாலு பேர் பார்க்கிறார்களே என்று கையை மட்டும் ஓங்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினான். யாக்கோபு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

பஞ்சர் கடை இசக்கிதுரை வந்தார். சக்கரத்தருகே குந்தியவர், உள்பக்கம் விரலைவிட்டுத் தடவி முகர்ந்து பார்த்தார். எழுந்து பானெட்டைத் திறந்தார்.

“அண்ணாச்சி, பிரேக் ஆயில் பூராவும் ஒழுகிட்டு. டப்பாவுல சொட்டுக்கூட இல்ல. இந்த வண்டியில மலை ஏறியிருப்பிய. இறங்கியிருக்க மாட்டிய.”

 மொட்டை அடிக்க இருந்த குழந்தையின் முகம் உதயசூரியனின் கண்ணுக்குள் வந்து நின்றது.

இசக்கிதுரை போனதும் உதயசூரியன் யாக்கோபின் வீட்டுக்குள் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மன்னிச்சிடுப்பா. என் புள்ளையக் காப்பாத்திட்டே. உன்னையப் போயி...”

“நான் பண்ணல சூரியா.”

“இன்னாது?”

“நைட் ஷிப்ட் முடிஞ்சு வரசொல்ல பாத்தேன். தங்கச்சி சௌந்தர்யாதான் குந்திக்கினு ஊசியைக் கழட்டிக்கினு இருந்துச்சு.”

“அவளா? அப்புறம் ஏன்யா நீ ஒத்துக்கினே?”

யாக்கோபு இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஒத்தக்கல்லு செவுரு சூரியா. அந்தப் பொண்ணு வாங்கற அடி ஒவ்வொண்ணும் இங்க கேக்குது. என்மேல கை வைக்கணும்னா நீ யோசிப்பே.”