மீட்டர் விளக்கு

"நீ பின்னால ஏறிக்க, தேவி. முன்னால உட்கார்ந்தா மீட்டர் லைட்டு போயிடுது."

"அது என்ன வயரோ, என்னைக் கண்டா மட்டும் அணையுது."

"பழைய காடி லா," என்றார் சுரேன். எங்களுக்குக் கல்யாணமான முதல் வாரம் அது.

இறந்துபோன அவருடைய முதல் மனைவி குமுதா ஆசைப்பட்டு வாங்கிய கார். மூன்று வருடமாக நான் பின்னால்தான் உட்காருகிறேன்.

நேற்று புந்தோங்கில் வயர்மேன் பெத்தபெருமாள் அண்ணன் ஃபியூஸ், பல்பு, எர்த் வயர் எல்லாவற்றையும் மாற்றினார். முன் இருக்கையில் அவர் உட்கார்ந்தபோது விளக்குகள் எரிந்தன. என் எடைக்கு அரிசி மூட்டைகளை வைத்தார், அப்போதும் எரிந்தன. நான் உட்கார்ந்தேன். அணைந்தன.

"வயர்ல ஒண்ணும் இல்ல, தங்கச்சி," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்று விடியற்காலையில் தாப்பாவுக்குக் கிளம்பினோம். சுரேன் எனக்காகப் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் அதை மூடாமல் முன்னால் ஏறினேன். விளக்குகள் அணைந்தன. அவர் டாஷ்போர்டை மெல்லத் தட்டிக்கொடுத்தார். என் கையை அவர் ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை.

இருண்டு கிடந்த மீட்டரைப் பார்த்து, மூன்று வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அக்கா, தாப்பா வரைக்குமாவது நீங்க பின்னால உட்காருங்களேன்."