மூக்குக்கு மேல் கோபம்

ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசைமேல் கோடு போட்டிருக்கிறது. போலீஸ் வேலைக்கு வந்தவர்களின் மனநலத் தேர்வுத் தாள்களை டாக்டரம்மா புரட்டுகிறார். ‘எனக்குக் கோபமே வராது’ என்ற வரிக்கு நேரே முப்பத்தொன்பது பேர் ‘ஆம்’ போட்டிருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் உருப்போட்ட பதில். நாற்பதாவது தாளில் மட்டும் ‘ஆம்’ அடிக்கப்பட்டு ‘இல்லை’ என்றிருக்கிறது. அடித்துத் திருத்தியவன் எதிரே நிற்கிறான். “கோபம் வருமா?” “மூக்குக்கு மேல வரும் மேடம். வந்தா கையப் பின்னால கட்டிக்குவேன்.” “இந்த லட்சணத்துல உனக்கு லத்தி வேறயா? போய் வேற வேலை பாரு.” வேண்டுமென்றேதான் சீண்டுகிறார். அவன் காதுமடல் சிவக்கிறது. அவனுக்குப் பின்னாலிருக்கும் பீரோக் கண்ணாடியில், வெயில் பட்ட இரண்டு கைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பது தெரிகிறது. டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டுகிறார். “உட்காருங்க சார்.”