ஒண்ணரை இஞ்ச்

தாம்பரத்துல முப்பது வருஷமா டயர் கடை வெச்சிருக்கேன். நல்லா இருக்கற வண்டிய கெடுத்துக் குடுன்னு கேட்டு வந்த மொத ஆளு ராஜாராமன் சார்தான்.

சார் ரிட்டையர்டு என்ஜினியர். எங்க தெருவுக்குப் பின்னாடி இருக்கற காலனிக்கு அசோசியேஷன் தலைவர். வண்டி அவங்க அப்பா வெச்சிருந்த பிக்கப்பு. அறுபத்திரெண்டு மாடல், பச்சைக் கலரு. நடுவுல டீசல் என்ஜின் மாத்தினது தவிர, மத்ததெல்லாம் பொறந்தப்ப இருந்த மாதிரியே கீது. ஞாயித்துக்கிழமையானா தொடச்சு, காலனியச் சுத்தி ஒரு ரவுண்டு வருவாரு.

டயர் நாலும் காஞ்சு வெடிப்பு வுட்டிருந்துச்சு. அதே சைஸு, ஆறு-பதினாறு, கடையிலயே இருந்துச்சு. சாரு அது வேணாம், இன்னும் ஒசரமாப் போடுன்னாரு.

எவ்ளோவோ எடுத்துச் சொன்னேன். ஸ்டியரிங் கனக்கும், திருப்பும்போது மட்கார்டுல ஒரசும், ஏத்தத்துல இழுக்காது, பாக்கவும் பேஜாரா இருக்கும்னேன். காதுலயே வாங்கல. அந்த வயசுல தரையில குந்திக்கினு, ரோட்டுலேர்ந்து பின்னாடி ஆளு ஒக்கார்ற பலகை வரைக்கும் இஞ்ச் டேப் வெச்சு அளந்தாரு. இருபத்தஞ்சரை வந்துச்சு.

"இருபத்தேழு வேணும் ஏசுபாதம்."

டயர் மூணு இஞ்ச் பெருசானாத்தான் வண்டி ஒண்ணரை இஞ்ச் ஏறும். ஏழரை-பதினாறு போடணும். அதப் போட்டா மட்கார்ட வெட்டணும். அப்பா வெச்சுட்டுப் போன வண்டிய எவனாவது வெட்டுவானா? பக்கத்து வெல்டிங் கடை சுகுமாரு என் காதுகிட்ட வந்து, ரிட்டையர் ஆனாலே இவங்களுக்கு ஸ்டைல் காட்ற ஆசை வந்துடுதுன்னான். எனக்கும் அப்டித்தான் தோணுச்சு.

சார் காதுல விழுந்துடுச்சு. கோச்சுக்கல.

"ஸ்டைலுக்கு இல்லப்பா, மழைக்கு. உங்க தெருவுல மாட்டிக்கறவங்கள ஏத்திட்டு வர இந்த ஏரியாவுல வேற வண்டி ஏது?"

ஸ்டூல இழுத்துப் போட்டு சார ஒக்கார வெச்சேன்.

எங்க தெரு பள்ளம். ஐப்பசி பொறந்தா முட்டி வரைக்கும் தண்ணி நிக்கும். ஆட்டோ வராது, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோட நின்னுடும். என் பொண்டாட்டி அம்மணிக்கு கிட்னி ரெண்டும் போச்சு. வாரத்துக்கு மூணு தபா டயாலிசிஸுக்கு குரோம்பேட்டை போயாகணும். ஒரு தபா தவறினாலும் மூச்சு வாங்க ஆரம்பிச்சிடும். போன மழையில அவள லாரி ட்யூப் மேல ஒக்கார வெச்சு மெயின் ரோடு வரைக்கும் இழுத்துக்கினு போனேன். நடுவுல, "போதும்யா, என்ன வூட்லயே வுட்டுடு"ன்னு அழுதா. அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு சோறு எறங்காது.

இதையெல்லாம் சார்கிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டாரு. அம்மணிக்கு எந்தெந்தக் கெழம டயாலிசிஸ்னு கேட்டு போன்ல குறிச்சுக்கினாரு. இத்தினி வருஷத்துல காலனிலேர்ந்து ஒருத்தர் அதக் கேட்டதில்ல.

கூலியே வேணாம்னுட்டேன். ரெண்டு நாளு வேற வேல எடுக்கல. படப்பைல ஒரு கடையில சொல்லி வெச்சு, நாலும் ஒரே மாசத்துல செஞ்ச டயரா பொறுக்கி எடுத்தாந்தேன். சுகுமாருகிட்ட மட்கார்ட வெட்டி, வெட்டினது தெரியாம மடிச்சு வுட சொன்னேன். சைலன்சரையும் மேல தூக்கி வெச்சோம்.

வேல செஞ்சுகினே சுகுமாரு மொணமொணன்னு இருந்தான். காலனிக்காரங்க நம்ம தெருவுக்காக வண்டிய வெட்டுவாங்களா, இதுல இன்னாவோ கீதுன்னான். எனக்கு வந்துச்சே கோவம். உனக்கெல்லாம் ஒரு நல்ல மனுசன் கண்ணுல படவே மாட்டானாடான்னு நல்லா வுட்டேன்.

சனிக்கிழம சார் வண்டி எடுக்க வந்தாரு. மறுபடியும் குந்தி அளந்தாரு. இருபத்தேழு, நூல் பிசகல. மொகமெல்லாம் சிரிப்பு.

"மழை வந்தா மொத ட்ரிப் அம்மணிதான். போதுமா?"

கையெடுத்துக் கும்பிட்டேன். வெக்கத்த வுட்டு சொல்றேன், எனக்கு அழுகையே வந்துடுச்சு. இந்த வருஷம் மழைக்கு பயப்பட வேணாம்னு அப்பவே வூட்டுக்குப் போன் போட்டு அம்மணிகிட்ட சொன்னேன். அவரு புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்னா.

சாவியக் குடுக்கும்போதுதான் கேட்டேன்.

"ஒண்ணு மட்டும் புரியல சார். எங்க தெருவுல முட்டிக்கு மேல தண்ணி வந்ததே இல்ல. அதுக்குப் பழைய டயரே போதுமே. இருபத்தேழு எதுக்கு?"

சார் ஏறி ஒக்காந்து வண்டிய ஸ்டார்ட் பண்ணாரு. சத்தத்துக்கு மேல கொஞ்சம் ஒரக்கவே சொன்னாரு.

"அது போன வருஷம் வரைக்கும்பா. உங்க தெருத் தண்ணி எங்க காலனிக் கால்வாய் வழியாத்தானே ஏரிக்குப் போச்சு? போன மாசம் அத மூடி வாக்கிங் ட்ராக் போட்டுட்டோம். இனிமே உங்க பக்கம் ரெண்டு அடி நிக்கும், நானே லெவல் எடுத்துப் பாத்தேன். அதுக்கு மேல மூணு இஞ்ச், உங்க சேஃப்டிக்குன்னு விட்டிருக்கேன்."