இரண்டாவது துண்டு

“மறுபடியும் அதே ஓட்டலா? நம்ம முதலாளி மனுஷனா, செக்குமாடா?”

கண்ணாடிக் கடை சேல்ஸ்மேன் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் கடை முழுக்கச் சிரிப்பு.

மாதம் ஒரு தடவை எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவது முதலாளியின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் எப்போதும் எதிர்ச்சாரியில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டல்தான். தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய ஓட்டலைப் பார்த்து எல்லோருக்கும் நாக்கு ஊறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு சேல்ஸ்மேனுக்குப் பிறந்தநாள் வேறு.

“சார், இன்னிக்கு ஒரு நாள் புது ஓட்டலுக்குப் போகலாமே? எல்லாருக்கும் ஆசை. கை தூக்குங்கப்பா!”

எல்லாக் கைகளும் எழுந்தன. லென்ஸ்காரியும் தூக்கினாள். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. அதனால் வந்த பட்டப்பெயர்.

கை மேலே போனதே தவிர, அவளுக்கு அங்கே போக இஷ்டமில்லை. கடலையோ முந்திரியோ பாதாமோ துளி உள்ளே போனால் போதும், அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இதை வெளியே சொல்லிவிட்டாள். “இவளால நமக்கெல்லாம் பத்தியச் சாப்பாடு” என்று முகம் சுளித்தவர்கள், போகப் போக அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து அலுத்துப் போனாள்.

அதனால் இங்கே யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒரே ஒரு தடவை கைப்பை கவிழ்ந்து, தொண்டை அடைத்தால் அவசரத்துக்குப் போட்டுக்கொள்ள வைத்திருக்கும் மருந்து ஊசி முதலாளியின் காலடிக்கு உருண்டு போனது. எடுத்துக் கொடுத்தார்; என்ன ஏது என்று கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த இடம் எனக்குச் சரிப்படாது. போற இடத்துக்கே போவோம்.”

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த நன்றியாவது இருந்ததா? தெருவைக் கடக்கும்போது மற்றவர்களைவிட அவள்தான் அதிகம் ஆட்டம் போட்டாள். இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “போற இடத்துக்கே போவோம்” என்று முதலாளியின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். சேல்ஸ்மேன் நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் ஒருத்தியாக இருப்பது எவ்வளவு சுகம்!

ஓட்டலுக்குள் நுழைந்ததும் முதலாளி வழக்கம்போல நேரே அடுப்படிக்குள் போய்விட்டார்.

“பாருங்க, மூக்கை நீட்டிக்கிட்டுக் கிளம்பியாச்சு! எந்தச் சட்டியில என்ன வேகுதுன்னு பார்க்கலைன்னா மனுஷனுக்குத் தூக்கம் வராது” என்றாள் லென்ஸ்காரி.

சாப்பாட்டை மட்டும் ஒரு பிடி பிடித்தாள். முதல் தடவை வந்தபோதே சர்வரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தாள். “கடலை, கிடலை எதுவும் கிட்டயே வராதுங்க” என்று அவர் சொன்னதிலிருந்து இந்த ஓட்டல்மீது பெரிய நம்பிக்கை.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கப் போகும் நேரத்தில் சேல்ஸ்மேன் ஒரு பெட்டியைத் திறந்தார்.

“புது ஓட்டலுக்கு நாம போகலைன்னா என்ன? புது ஓட்டல் கேக் இங்க வந்துடுச்சு பாருங்க!”

மேலே கொத்துக் கொத்தாகப் பாதாம். ஆளுக்கொரு துண்டு வைத்தார்கள். அவள் முன்னாலும் ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது.

“கை கழுவிட்டு வந்துடறேன்!” என்று எழுந்து ஓடினாள். இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போன தந்திரம்.

கை கழுவும் இடம் அடுப்படியை ஒட்டி இருந்தது. சமையல்காரம்மா பாத்திரங்களை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, எங்க முதலாளி இன்னிக்கும் உங்களைப் பாடாய்ப் படுத்திட்டாரா?”

“அவரை ஒண்ணும் சொல்லாதே, பாவம். கடலை, முந்திரி பட்டாலே தொண்டை அடைச்சுக்குமாம். முதல் நாளே போன் பண்ணிடுவாரு. வந்ததும் வாணலியைத் தன் கையாலயே தேய்ச்சுக் கழுவி வெச்சாத்தான் திருப்தி. ‘யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, கூச்சமா இருக்கும்’னு வேற கேட்டுக்கிட்டாரு. என் ஓட்டை வாய் சும்மா இருக்குதா!”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னைப்போலவே ஒருத்தர், அதே கடையில், வாயைத் திறக்காமல்! அவரையா இத்தனை நேரம் கேலி செய்தோம்? வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே ஒரு சந்தோஷமும். ‘சார், எனக்கும்தான்’ என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த நொடி நெஞ்சு திக்கென்றது. கேக்!

ஈரக் கையோடு ஓடினாள். முதலாளி இரண்டு கன்னமும் உப்ப மென்றுகொண்டிருந்தார்.

“சார் கேக்னா விடமாட்டாரு போலிருக்கே! ரெண்டாவது துண்டு!” என்று சேல்ஸ்மேன் கைகொட்டினார்.

“சார், துப்புங்க! அதுல பாதாம் இருக்கு!”

“பாதாம்தானே அந்தக் கேக்கோட விசேஷமே!” என்றார் சேல்ஸ்மேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. யார் பார்த்தால் என்ன, தன் ரகசியம் போனால் போகட்டும். கைப்பைக்குள் கையைவிட்டு ஊசியைத் துழாவியபடி அவர் பக்கத்தில் குனிந்தாள். “சார், உங்க தொண்டை…”

முதலாளி அவசரமாக விழுங்கிவிட்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. இது உன்னோட துண்டு. நீ ஏன் சாப்பிடலைன்னு யாராவது கேக்கறதுக்குள்ள முடிச்சுடறேன், சத்தம் போடாம உக்காரு.”